கழலாத போல்ட், உருண்ட தலை: எதை முதலில் செய்வது, எதைக் கடைசிக்கு வைப்பது

கிழக்கிலங்கையின் கடலோரமான எழுவான்கரையில் ஓடும் வாகனம் என்றால் அடிப்பக்கத்தில் ஒரு போல்ட்டாவது அடம்பிடிக்கும். கல்லடி, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று வீதி கடலை ஒட்டியே போகிறது. வருடம் முழுக்க உப்புக்காற்று. மாரி தொடங்கினால் வெள்ளம் நிற்கும் வீதியில் ஓட்டம். வாவிக்கு அப்பால் உள்புறமான படுவான்கரையில் உப்புக் குறைவு. ஆனால் வயல் சேறு அடிப்பக்கத்தில் அப்பிக்கொண்டு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். எல்லாவற்றிலும் மோசம் மீன் பெட்டி ஏற்றும் பட்டா என்ற சின்ன லொறிகள். ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் பின் அச்சுக்கு மேலே நேராக வடியும்.

கறள் (துரு) பிடித்த போல்ட்டைக் கழற்ற எத்தனையோ வழி இருக்கிறது. ஆனால் எதை எதற்குப் பிறகு செய்வது என்ற ஒழுங்கில்தான் வேலை சரிவரும் அல்லது கெடும். ஒரு வழி தோற்றால் அடுத்த வழிக்கு இடம் மிஞ்ச வேண்டும். எண்ணெய் விட்டுப் பலிக்காவிட்டால் ஒன்றும் குறையாது. பொருந்தாத ஸ்பானர் வழுக்கினால் மூலை தேய்ந்து தலை உருண்டுவிடும். வைஸ் கிரிப் (பூட்டிப் பிடிக்கும் குறடு), வெல்டிங் என்று இன்னும் சில வழி மிஞ்சும். முறிந்த போல்ட்டைத் துளைத்து உள்ளே செருகித் திருப்பும் ஈஸி அவுட் கோல் உள்ளே முறிந்தால் கிட்டத்தட்ட எல்லா வழியும் அடைபடும். கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

தலை உருளுவதற்குக் கறளைவிடச் சொக்கெட்தான் பெரிய காரணம். ஜப்பான் வாகனங்களில் 6 மி.மீ. போல்ட்டுக்குத் தலை 10, 8 மி.மீ. போல்ட்டுக்கு 12, 10 மி.மீ. போல்ட்டுக்கு 14, 12 மி.மீ. போல்ட்டுக்குப் பெரும்பாலும் 17. ஹார்ட்வெயார் கடையில் வாங்கும் சாதாரணப் போல்ட்டுக்கு இந்தக் கணக்கு வேறு: 8 மி.மீ. போல்ட்டுக்குத் தலை 13, 10 மி.மீ. போல்ட்டுக்கு 16 அல்லது 17. முன்னர் யாராவது கடைப் போல்ட்டைப் போட்டிருந்தால், 12 மி.மீ. தலைகளுக்கு நடுவில் ஒரு 13 மி.மீ. தலை இருக்கும். 13 தலையில் 14 சொக்கெட் தாராளமாக ஏறும், அழுத்தினால் மூலையைச் சீவிவிடும். கறள் உப்பிய தலையைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, சிறிய அளவு ஏறுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஏறாவிட்டால்தான் அடுத்த அளவு.

சொக்கெட் ஆறு மூலை உள்ளதாக இருக்கட்டும். கடையில் பெட்டியாக விற்கும் செட்டில் பன்னிரண்டு மூலைதான் அதிகம். அது சாதாரண வேலைக்கு வசதி. ஆனால் அது தலையின் மூலை நுனியில்தான் பிடிக்கும். ஆறு மூலை கொஞ்சம் உள்ளே தள்ளிப் பக்கத்தில் பிடிக்கும். இறுகிய போல்ட்டில் ஓப்பன் ஸ்பானர் வைக்கவே கூடாது, அது இரண்டு மூலையை மட்டும் தொடும். பிரேக் குழாய் நட்டுக்கு மட்டும் ரிங் ஸ்பானர் போட வழியில்லை. அதற்கு வாய் வெட்டிய ரிங், அதாவது குழாய் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்த ஸ்பானர் தனியாக இருக்கிறது. 10 மி.மீ. அளவில் ஒன்று வைத்திருந்தால் பெரும்பாலான ஜப்பான் வாகனங்களுக்குப் போதும்.

ஸ்க்ரூவிலும் இதே கதை. ஜப்பான் வாகனங்களில், மோட்டார் சைக்கிள்களில் இருக்கும் சிலுவைத் தலை ஸ்க்ரூ சாதாரண பிலிப்ஸ் இல்லை, ஜே.ஐ.எஸ். என்ற வேறு வடிவம். பல ஸ்க்ரூக்களின் தலையில் ஒரு சின்னப் புள்ளி குத்தியிருக்கும். பிலிப்ஸ் டிரைவர் அதில் அடிவரை உட்காராமல் மேலே ஏறி வழுக்கும். ஹோண்டா பிரேக் டிஸ்க்கைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூவும் இப்படித்தான் நாசமாகின்றன. சுத்தியலால் அடிக்க அடிக்கத் திரும்பும் கை இம்பெக்ட் டிரைவர் ஒன்றும் சரியான பிட்டும் இருந்தால் நாலு அடியில் விடும்.

பலம் கொடுக்க முன்னர் வாகனம் நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். எங்கள் பக்கத்து வளவுகள் மணல். ஜாக்குக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் இரண்டங்குலத் தடிப்புப் பலகையாவது போடாவிட்டால், நீளப் பாரை இழுக்கும்போது ஸ்டாண்டின் ஒரு கால் மட்டும் புதைந்து வாகனம் சரியும். ஜாக்கில் மட்டும் நிற்கிற வாகனத்துக்கு அடியில் படுத்துப் போல்ட்டை இழுப்பது தற்கொலைக்குச் சமம். வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திவிட வேண்டும். கண்ணாடி கட்டாயம்: மல்லாந்து படுத்திருப்பவரின் கண்ணுக்குத்தான் கறள் தூள் நேராக விழும்.

இனி எண்ணெய். டபிள்யூ.டி. 40 ஈரத்தை அகற்றப் பிறந்தது. லேசான கறளுக்குப் போதும், உள்ளே ஊறும் வேலையில் அதைவிடத் திறமானவை உண்டு. கறள் இளக்கி என்றே விற்கும் ஸ்பிரே நல்லது. வீட்டில் கலப்பதென்றால் அசிட்டோன் ஒரு பங்கு, ஒட்டோ கியருக்கு ஊற்றும் ஏ.டி.எஃப். ஒயில் ஒரு பங்கு. அசிட்டோன் தேடி அலையத் தேவையில்லை. பைபர் படகு ஒட்டும் ரெசின் விற்கிற கடைகளில் கிடைக்கும், தூரிகை கழுவ அதைத்தான் பாவிக்கிறார்கள். அசிட்டோனும் ஒயிலும் தானாகக் கலந்து நிற்காது, ஒவ்வொரு முறையும் போத்தலைக் குலுக்கிவிட்டுத்தான் சொட்ட வேண்டும். இந்தக் கலவை பெயின்ட்டையும் பிளாஸ்டிக்கையும் கரைக்கும், நெருப்புப் பட்டால் பிடிக்கும். பழைய ஆட்கள் ஊற்றும் மண்ணெண்ணெய், டீசல் இரண்டும் மெதுவாக வேலை செய்யும், பிழையில்லை.

எந்த எண்ணெய் என்பதைவிட எங்கே, எவ்வளவு நேரம் என்பது முக்கியம். தலையின் மேல் ஊற்றினால் அது வாசரைத் தாண்டிப் புரிக்கு (திருகு வெட்டுக்கு) போகாது. போல்ட்டின் மற்ற முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பக்கத்தில் வெளித்தெரியும் புரியைத் தூரிகையால் துப்புரவாக்கி அங்கே விட வேண்டும். அழுக்குப் படிந்த அந்தப் புரி உள்ளே நுழையும்போதுதான் பாதிப் போல்ட்டுகள் இறுகி முறிகின்றன. மாலையில் ஒரு முறை, இரவு ஒரு முறை, காலையில் ஒரு முறை விட்டு இடையிடையே தலையில் நேராகச் சுத்தியலால் தட்டுங்கள். ஒரு கிலோ சுத்தியல், தலைக்கு மேல் ஒரு தடித்த பஞ்ச். அந்த அதிர்ச்சியில் கறள் வெடித்து நூல் போன்ற இடைவெளி விடும், எண்ணெய் அதற்குள் இறங்கும். எண்ணெயை மட்டும் ஊற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது கிடைப்பதில்லை.

கழற்றும் பக்கம் எது என்பதையும் ஒரு முறை யோசியுங்கள். கீழே படுத்துக்கொண்டு மேல்நோக்கிப் பார்க்கும்போது திசை மாறி இறுக்கிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. இடது புரி கார்களில் அபூர்வம். ஸ்டியரிங் தண்டின் ஒரு முனையில் வரலாம். பழைய ஜப்பான் லொறிகளில் இடது பக்கச் சக்கர நட்டுகள் இடது புரி, போல்ட் முனையில் எல் என்று குத்தியிருக்கும். தோளில் மாட்டிப் புல் வெட்டும் மெஷினின் பிளேட் நட்டும் பெரும்பாலும் அப்படித்தான் என்பதை அதை உடைத்த பிறகு அறிபவர்கள்தான் அதிகம்.

எவ்வளவு பலம்? எண் தெரிந்திருந்தால் கைக்குக் கடிவாளம் கிடைக்கும். தலையில் 8.8 என்று தரம் குத்திய 6 மி.மீ. போல்ட்டை இறுக்குவது சுமார் 10 நியூட்டன் மீற்றர். 15 சென்ரிமீற்றர் ஸ்பானரின் நுனியில் ஏழு கிலோ கொடுத்தாலே அந்த அளவு வந்துவிடும். இரட்டிப்பாகக் கொடுத்தால் அது முறியும். 8 மி.மீ. போல்ட்டுக்குச் சுமார் 25, 10 மி.மீ. போல்ட்டுக்கு 50, 12 மி.மீ. போல்ட்டுக்கு 85. எனவே 17 தலை உள்ள 12 மி.மீ. சஸ்பென்ஷன் போல்ட்டுக்குப் பைப் துண்டு செருகி இழுக்கலாம், 10 மி.மீ. தலை உள்ள போல்ட்டுக்குப் பைப் செருகுகிறவர் அடுத்ததாக டிரில்தான் தேட வேண்டி வரும்.

இழுக்கும்போது கைக்கு என்ன தெரிகிறது என்பதில்தான் வித்தை. ‘டக்’ என்று ஒரு சத்தத்தோடு சட்டென அசைந்தால் நல்லது. கிறீச்சிட்டுக்கொண்டு இறுக்கமாகத் திரும்பினாலும் நல்லதே. சத்தமே இல்லாமல் இறப்பர் போல இளகித் திரும்பினால் உடனே நிறுத்துங்கள், போல்ட் கழலவில்லை, முறுகுகிறது. அந்த நிலையில் திரும்ப இறுக்கும் பக்கம் மெல்ல அசைத்து, எண்ணெய் விட்டு, சூடு காட்டும் கட்டத்துக்குப் போக வேண்டும். அசையத் தொடங்கிய போல்ட்டையும் ஒரே மூச்சில் கழற்றக்கூடாது. கால் சுற்று வெளியே, எட்டில் ஒரு சுற்று உள்ளே, மீண்டும் எண்ணெய். பொடியான கறள் புரிக்குள் அரைபட இடம் தேவை. இறுகும் இடத்தில் மறுபடி உள்ளே.

சூடு என்றால் சின்ன காஸ் டோர்ச் போதும். சூடாக்க வேண்டியது போல்ட்டை அல்ல, அதைப் பிடித்திருக்கும் நட்டையோ சுற்றியுள்ள இரும்பையோ. 10 மி.மீ. நட் ஒன்றின் சூட்டை 300 பாகை உயர்த்தினால் துளை 0.035 மி.மீ. அளவு விரியும். தலைமயிரின் பாதித் தடிப்புத்தான், ஆனாலும் கறளின் பிடி உடைய அதுவே காணும். அலுமினியம் இதைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும் என்பதால் கியர்பெட்டி, கலிப்பர் போன்றவற்றில் இருக்கும் இரும்புப் போல்ட்டுக்குக் குறைந்த சூடே போதும். சூடு கொஞ்சம் இறங்கியதும் மெழுகுதிரி ஒன்றைப் புரி தெரியும் இடத்தில் ஒட்டினால் மெழுகு உருகி உள்ளே இழுபடும். பிறகு ஆறவிட்டு முயலுங்கள். சூடும் ஆறலும் இரண்டு மூன்று தடவை நடந்தால், ஒரே தடவை செந்தழலாக்குவதைவிட அதிகம் பலன்.

டோர்ச் போகக்கூடாத இடங்கள்: பெற்றோல் குழாய், பிரேக் குழாய், ஷொக் அப்சோபரின் உடல், போல் ஜொயின்ட் இறப்பர், சக்கர பெயாரிங், ஏ.பி.எஸ். வயர். அசிட்டோன் ஊற்றிய இடத்தை நன்றாகத் துடைத்துக் காயவிட்ட பிறகே நெருப்பு. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இரும்பைச் சூடாக்கினால் பொஸ்ஜீன் என்ற நச்சு வாயு வரும், அதில் பகிடி இல்லை. செந்நிறம் வரை சூடு கண்ட சஸ்பென்ஷன் போல்ட்டைத் திரும்பப் போடவும் வேண்டாம், அதன் பலம் போயிருக்கும்.

தலை ஏற்கெனவே உருண்டிருந்தால் அங்கேயும் ஒழுங்கு உண்டு. முதலில் ஒரு அளவு சிறிய ஆறு மூலை சொக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றுங்கள். 14 உருண்டால் 13. 10 உருண்டால் எட்டில் மூன்று (3/8) அங்குலச் சொக்கெட், அதன் வாய் 9.5 மி.மீ. வரும், 13 உருண்டால் அரை அங்குலம், 12.7. வயலுள்ள வீடுகளில் பழைய மசி பேர்கசன் டிராக்டருக்காக வாங்கிய அங்குலச் சாவிகள் மூலையில் கிடக்கும், அவற்றுக்கு இங்கே வேலை இருக்கிறது. அடுத்தது, உள்ளே எதிர்ப்பக்கம் சுருண்ட பற்கள் உள்ள எக்ஸ்ட்ராக்டர் சொக்கெட். திருப்பத் திருப்ப இறுகிப் பிடிக்கும். 8 முதல் 19 மி.மீ. வரை ஒரு செட் வாங்கி வைப்பது வீண் செலவல்ல. இடம் இருந்தால் அரத்தால் தலையின் எதிரெதிர்ப் பக்கங்களைத் தட்டையாக்கி வைஸ் கிரிப்பை முழுப் பலத்தோடு பூட்டலாம். உள்ளே ஆறு மூலை உள்ள அலன் தலை உருண்டால் டொர்க்ஸ் பிட்டை அடித்து இறக்குங்கள்: 5 மி.மீ. அலனுக்கு டி30, 6 மி.மீ. அலனுக்கு டி40, 8 மி.மீ. அலனுக்கு டி50. நட் என்றால் வேறு கவலை வேண்டாம். உளியாலோ கிறைண்டராலோ ஒரு பக்கத்தைப் பிளந்தால் விட்டுவிடும், நட்டின் விலை பெரிதில்லை.

இந்தக் கரையில் அதிகம் அழவைப்பது பின் ஷொக் அப்சோபரின் கீழ்ப் போல்ட்டும் கீழ்க் கையின் (லோவர் ஆம்) புஷ் போல்ட்டும்தான். நட் சுகமாகக் கழலும், போல்ட்டும் திரும்பும், ஆனால் வெளியே வராது. திருப்பும்போது பஞ்சு போல மீளும். புஷ் என்ற இறப்பர் உறைக்குள் இருக்கும் இரும்புக் குழாயோடு போல்ட் கறளால் ஒட்டிவிட்டது. நீங்கள் திருப்புவது இறப்பரைத்தான். இங்கே எண்ணெய் போவதற்கு வழியே இல்லை, சூடாக்கினால் இறப்பர் எரிந்து மணக்கும். நட்டை முனை வரை மட்டும் திருப்பி விட்டு அதன் மேல் சுத்தியலால் அடித்துப் பார்க்கலாம், புரி நசுங்காமல் நட் காக்கும். நாலைந்து நல்ல அடியில் அசையாவிட்டால் நேரத்தை வீணாக்காமல் புஷ்ஷுக்கும் பிரக்கெட்டுக்கும் இடையில் இரண்டு பக்கமும் வெட்டிவிடுங்கள். கிறைண்டர் நுழையாத இடத்தில் இரும்புவாளின் பிளேட்டை மட்டும் துணி சுற்றிப் பிடித்து அறுக்கலாம். புதுப் போல்ட், நட், புஷ் மூன்றும் கையில் வந்த பிறகுதான் வெட்டத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் வாகனம் ஸ்டாண்டிலேயே நிற்கும். புதுப் போல்ட்டின் நடுத்தண்டுக்குக் கிறீஸ் பூசிப் போட்டால் அடுத்த தடவை இந்தத் தொல்லை இல்லை.

பிரேக் காற்று எடுக்கும் நிப்பிள் துளையுள்ளது, அதனால் லேசாக முறியும். துளைக்குள் அளவான டிரில் பிட்டின் தண்டை நுழைத்து வைத்துக்கொண்டு ஆறு மூலைச் சொக்கெட்டால் திருப்பினால் சுவர் உள்வாங்காது. கலிப்பரைச் சுற்றி மெல்லத் தட்டுங்கள். முறிந்தால் பிரேக் விடயத்தில் ஒட்டு வேலை செய்யாமல் கலிப்பரை மாற்றுவதே மேல். பின் டிரம் ஒட்டிக்கொண்டால் முன்பக்கமாக அடித்து நெளிக்க வேண்டாம்: பெரும்பாலான ஜப்பான் டிரம்களில் 8 மி.மீ. புரி வெட்டிய இரண்டு துளை இருக்கும், ஹேண்ட்பிரேக்கை விட்டுவிட்டு இரண்டிலும் போல்ட் போட்டு மாறி மாறி இறுக்கினால் டிரம் தானாகத் தள்ளப்படும்.

போல்ட் முறிந்தே விட்டதா? வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் வெல்டிங்தான் முதல் தெரிவு. முறிந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் நடுவிலிருந்து நிரப்பி ஒட்ட வேண்டும். நட்டின் துத்தநாகப் பூச்சை முன்னரே தேய்த்து அகற்றுங்கள், அந்தப் புகை காய்ச்சல் தரும். பற்றரி வயரைக் கழற்றிவிட்டு, எர்த் கிளம்பை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பூட்ட வேண்டும். சிவப்பு மறைந்து கறுத்ததும் இரண்டு பக்கமும் அசைத்துத் திருப்புங்கள். பிடிப்பதற்கு ஒரு நட் கிடைத்ததைவிட, போல்ட்டுக்குள் இறங்கிய சூடுதான் இங்கே பாதி வேலையைச் செய்கிறது. முதல் நட் பிய்ந்தால் இன்னொன்று ஒட்டலாம். வழி அடைபடவில்லை.

மட்டத்துக்குக் கீழே முறிந்தால் டிரில். சரியான நடுவில் சென்டர் பஞ்ச் குத்துவதற்குத்தான் அதிக நேரம் எடுக்க வேண்டும், அரை மி.மீ. விலகினாலும் பிட் சுற்றியுள்ள மென்மையான அலுமினியத்துக்குள் ஓடிவிடும். 3 மி.மீ. பிட்டில் தொடங்கி, மெதுவான வேகத்தில், எண்ணெய் சொட்டிக்கொண்டு போங்கள். இடது பக்கம் வெட்டும் பிட் கிடைத்தால் துளைக்கும்போதே துண்டு சில வேளை கழன்று வரும். வராவிட்டால் 6 மி.மீ. போல்ட்டுக்கு 5.0, 1.25 புரியுள்ள 8 மி.மீ. போல்ட்டுக்கு 6.8 வரை பெருப்பித்தால் புரியில் ஒட்டிய மெல்லிய சுருள் மட்டும் மிஞ்சும். அதைக் கூரான கம்பியால் இழுத்தெடுத்து டாப் (புரி வெட்டும் கருவி) ஓட்டலாம். ஈஸி அவுட்டை, தலை மட்டும் வெட்டுப்பட்டுப் புரி இறுகாமல் இருக்கும் போல்ட்டுக்கு வையுங்கள். கறளால் முறிந்த போல்ட்டை அதைவிட மெல்லிய ஒரு கோல் திருப்பிவிடும் என்று நம்புவதற்குக் காரணம் இல்லை. அது கடினப்படுத்திய உருக்கு, உள்ளே முறிந்தால் சாதாரண பிட் அதில் கீறும் போடாது. சிலிண்டர் ஹெட்டில் முறிந்த ஸ்டட் (தலையில்லாப் போல்ட்), பிளக் என்றால் ஆரம்பத்திலேயே லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள், நீங்கள் துளைத்துக் கோணலாக்கிய பிறகு அல்ல.

திரும்பப் பூட்டும்போது சஸ்பென்ஷன், சைலன்சர் போல்ட்டுகளுக்குச் செப்புக் கிறீஸ் பூசுங்கள். பூசினால் அதே இறுக்கத்துக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்த பலம் போதும். வீல் நட்டுக்குப் பூசாதீர்கள். ஹப்புக்கும் அலோய் சக்கரத்துக்கும் இடையில் மெல்லியதாகப் பூசினால் போதும், சக்கரம் ஒட்டாது. சைலன்சர் ஸ்டட்டுக்குப் பித்தளை நட் போட்டால் அது கறளால் ஒட்டாது. துருப்பிடிக்காத ஸ்டீல் போல்ட்டை எல்லா இடத்திலும் மாட்டுவது எங்கள் பக்கம் பரவலான பழக்கம். அலுமினியத்தில் அது உப்போடு சேர்ந்து வெள்ளைத் தூளாக அரிக்கும், சஸ்பென்ஷனுக்கு அதன் பலமும் காணாது.

புதுப் போல்ட் வாங்க முன்னர் பழையதன் தலையைப் பாருங்கள். ஜப்பான் போல்ட்டில் 4, 7, 9, 11 என்று எண் இருக்கும். 7 என்றால் 8.8 என்று குத்திய போல்ட் போதும், 9 என்றால் 10.9. 11 என்றால் ஒரிஜினல் சாமானே வாங்குங்கள். எண் எதுவும் இல்லாத கடைப் போல்ட் கூரைக்கும் வேலிக்கும்தான்.